கூடத்துக்குள் ஒரு குட்டிக் கடல்

1846ஆம் ஆண்டு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பாதிரியார் வீடு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பணிப்பெண் தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, டீ ஆற்றுகிற மாதிரி தூக்கித் தூக்கி ஊற்றுவாள். எஜமானி ஆனா தின் டோர்கீ கடற்கரையிலிருந்து கல் ஜாடியில் கொண்டுவந்திருந்த பவள உயிரிகளுக்காகத்தான் இந்தப் பாடு. ஆற்றிய நீரில் காற்று கலந்தது, பவளங்கள் பிழைத்தன. பிறகு அதே நீரில் கடல்பாசியும் போட்டு வளர்த்தார் ஆனா. வீட்டுக்குள் கடலை வாழவைத்த முதல் ஆட்களில் ஒருவராக அவர் பெயர் நிலைத்துவிட்டது. தோள் வலிக்க ஊற்றிய பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அவளுடைய வேலையை இன்று தொட்டிச் சுவரில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன மோட்டார் செய்கிறது. சூரியன் செய்ததை எல்இடி விளக்கும், கடலின் குளிர்ச்சியைச் சில்லரும் பார்த்துக்கொள்கின்றன. சென்னை அடுக்குமாடி வீடுகளிலேயே இப்போது ரீஃப் தொட்டிகளை, அதாவது பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டிகளை, பார்க்க முடிகிறது. பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “என்ன மீன் வாங்கலாம்?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை வளர்க்க வேண்டியது தண்ணீரை.

தொட்டி எவ்வளவு பெரிது?

சின்னதாக ஆரம்பித்துப் பழகிக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. கடல் தொட்டி விஷயத்தில் அது தலைகீழ். முப்பது லிட்டர் தொட்டியில் ஒரு இறால் செத்தாலே நீர் கெட்டுவிடும். இருநூறு லிட்டரில் அதே சாவு கரைந்து போகும். வசதி இருந்தால் 150 முதல் 200 லிட்டர், இல்லையென்றால் குறைந்தது 100 லிட்டர். நூறு லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே நூறு கிலோ. கண்ணாடி, மணல், பாறை எல்லாம் சேர்ந்தால் நூற்றைம்பதைத் தொடும். பழைய மர டீப்பாய் தாங்காது. ஜன்னல் வெயில் படாத சுவரோரம், இரும்பு ஸ்டாண்டு, ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்த மட்டம். இவ்வளவு போதும்.

ஸ்டாண்டுக்குக் கீழே இன்னொரு தொட்டி வரும். இதைச் சம்ப் என்பார்கள். மேல்தொட்டியிலிருந்து வழியும் நீர் இங்கே இறங்கி, சுத்தமாகி, பம்பு வழியாக மேலே ஏறும். ஸ்கிம்மர் உட்காரும் இடமும் இதுதான். ஸ்கிம்மர் செய்வது எளிமையான வேலை: பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளை நீருக்குள் அடிக்கும்; மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உள்ள பிசுக்குகள் குமிழியில் ஒட்டி நுரையாக மேலே வந்து கோப்பையில் விழும். அலை அடித்த கரையில் ஒதுங்கும் நுரை உருவாவதும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை அந்தக் கோப்பையைக் கழுவும்போது வரும் நாற்றம், அது இல்லாவிட்டால் தொட்டிக்குள் என்ன மிதந்துகொண்டிருக்கும் என்பதைச் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை, நம் வீடுகளுக்கே உரியது. ஸ்கிம்மர் உறிஞ்சுவது கூடத்துக் காற்றை. அதே கூடத்தில் கொசு மருந்து அடித்தால் அதுவும் நீருக்குள் போகும். கொசு மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனங்கள் பூச்சியைக் கொல்வதுபோலவே இறாலையும் நண்டையும் கொல்லும். அவை உறவுக்கார இனங்கள். தொட்டி இருக்கும் கூடத்தில் கொசுவுக்கு வலைதான் தீர்வு.

மெரினா தண்ணீர் ஆகாதா?

“கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, பாக்கெட் உப்பை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?” நியாயமான கேள்வி. கோவளம், மகாபலிபுரம் பக்கம் போய் கேனில் அள்ளிவருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சென்னைக் கரையோர நீரில் கூவமும் அடையாறும் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் இறங்கி உப்பின் அளவும் குறைந்துவிடும். போன மாதம் அள்ளியதும் இந்த மாதம் அள்ளியதும் ஒரே தண்ணீர் அல்ல. பவளத்துக்குத் தேவையானது மாறாத நீர். அதனால் செயற்கைக் கடல் உப்புதான் என் சிபாரிசு. 1960களில் அமெரிக்காவில் இந்த உப்புக் கலவை கடைக்கு வந்த பிறகுதான் கடலே இல்லாத ஊர்களிலும் கடல்மீன் தொட்டிகள் பெருகின.

கணக்கு சுலபம். ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025. சமையல் உப்பு உதவாது. கடல்நீர் என்பது கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், கார்பனேட் எல்லாம் சேர்ந்த கலவை. ஒரு வாளியில் நீரை எடுத்து, சின்ன பம்பை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு நாள் விட வேண்டும். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். மிதக்கும் பிளாஸ்டிக் முள் கருவியில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும்.

உப்பைவிடப் பெரிய தலைவலி அதைக் கரைக்கும் தண்ணீர். போர் தண்ணீர் பேச்சுக்கே இடமில்லை. சமையலறை ஆர்ஓ நீரும் சரிப்படாது. நம் ஊர் ஆர்ஓ இயந்திரங்களில் ருசிக்காக ‘டிடிஎஸ் கன்ட்ரோலர்’ வைத்து, வடிகட்டாத நீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்துவிடுகிறார்கள். இப்போது வரும் பல மாடல்களில் ‘காப்பர்’ என்று விளம்பரம் செய்து செம்பும் சேர்க்கிறார்கள். நமக்கு நல்லதோ என்னவோ, இறால், நத்தை, பவளம் மூன்றுக்கும் செம்பு நேரடி விஷம். அதனால் மீன் தொட்டிக்கென்று தனி ஆர்ஓ, அதன் பின்னால் மிச்ச அயனிகளையும் பிடித்துவிடும் டிஐ ரெசின் குழாய் ஒன்று. டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீர் வேண்டும். ஐந்து, பத்து காட்டினால் ரெசினை மாற்றும் நேரம்.

தொட்டியில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இதைப் பள்ளியில் படித்திருந்தும், நீர்மட்டம் குறைந்ததும் உப்பு நீரையே ஊற்றி நிரப்புகிறவர்கள் ஏராளம். ஏப்ரல், மே மாதச் சென்னையில் ஃபேன் காற்றும் சேர்ந்தால் ஒரு நாளில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் போய்விடும். குறைந்ததை நிரப்ப நல்ல நீர்தான். மிதவை சென்சார் வைத்துத் தானாக நிரப்பும் சாதனம் கிடைக்கிறது. வெளியூர் போகிறவர்கள் மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம்.

பாறையும் பொறுமையும்

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையைப் பற்றி எழுதினார். வடிகட்டி எதுவும் இல்லை. கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, காற்றுக் குழாய். அவ்வளவுதான். அந்தத் தொட்டிகளில் பவளங்கள் வாழ்ந்தன. பாறையின் துளைகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அசல் வடிகட்டி என்பது மேற்கே புரிந்து, பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட மேலும் பல வருடங்கள் பிடித்தன.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கடும் விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அளவோடு இருந்தால் ஆபத்தில்லை. இந்த இரு கூட்டமும் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் கிடையாது. பாக்டீரியாவுக்குச் சாப்பாடாக ஒரு சிட்டிகை மீன் தீனியோ, ஒரு துண்டு பச்சை இறாலோ போட்டுவிட்டு டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார்.

இதற்குப் பிறகு ஒரு அசிங்கமான காலம் வரும். வெள்ளை மணல் மேல் பழுப்புப் படலம் படரும், பாறையில் பச்சை முடி முளைக்கும். நிறையப் பேர் தொட்டியை விற்பது இந்தக் கட்டத்தில்தான். பழுப்பு, டயட்டம் என்ற நுண்பாசி. நீரிலுள்ள சிலிகேட் தீர்ந்தால் தானே அடங்கும். பச்சைக்கு நத்தைகளை விடலாம், தீனியைக் குறைக்கலாம். பாசிக்கொல்லி மருந்து ஊற்றுவது மட்டும் கூடாது.

பாறை விஷயத்தில் லீ சின் எங் செய்ததை நாம் செய்ய முடியாது. கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை என்று விற்கப்படுவது பெரும்பாலும் பவள எலும்புதான். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. உயிருள்ளது, செத்தது என்ற வித்தியாசமும் இல்லை. செராமிக் பாறை, சிமென்டில் வார்த்த பாறை இரண்டும் கிடைக்கின்றன. ஒரு வருடத்தில் ஊதா நிறச் சுண்ணப்பாசி மூடிவிட்டால் வித்தியாசம் தெரியாது.

சூடும் கரன்ட்டும்

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கின்றன. பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு அந்தக் குடித்தனக்காரர்களுடையது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் இந்த உறவு முறியும். பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் நடந்தது இதுதான்.

கடலிலேயே இந்தக் கதி என்றால் மே மாதத்துச் சென்னைக் கூடத்தில் என்ன ஆகும்? தொட்டி 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியே 40. விளக்கும் பம்புகளும் தம் பங்குக்குச் சூடேற்றும். நீர்ப்பரப்பில் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் ஆவியாவது கூடும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் பலனும் குறைவு. பெங்களூர், ஊட்டிக்காரர்கள் ஃபேனோடு சமாளிக்கலாம். நம் ஊருக்குச் சில்லர் வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு தொட்டியின் விலையைக் கேளுங்கள். சில்லருக்குப் பணம் ஒதுக்க முடியவில்லை என்றால் ஒத்திப்போடுவதே நல்லது.

மின்வெட்டில் முதலில் தீர்ந்துபோவது நீரிலுள்ள ஆக்சிஜன். இன்வெர்ட்டரில் அலை மோட்டாரையோ ஒரு காற்று பம்பையோ மட்டும் இணைத்தால் போதும். சில மணி நேரம் தாங்கும். இன்னொன்று: உப்பு ஒயர் வழியாக ஏறும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிச் சொருகப்பட வேண்டும். வழியும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். வீட்டில் மின்கசிவைக் கண்டு கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் தொட்டிக்கு முன்னால் அதை மாட்டுங்கள்.

என்னதான் விடலாம்?

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் தேடினால் கடல்மீன் விற்கும் கடைகளும் அகப்படும். அங்கே ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இது.

“அண்ணே, நீமோ ஒரு ஜோடி, டோரி ஒண்ணு குடுங்க.”

“டேங்க் எத்தன அடி தம்பி?”

“ரெண்டடிண்ணே.”

“போட்டு எத்தன நாளாச்சு?”

“நேத்துதான் தண்ணி ஊத்துனேன்.”

“டோரி உனக்கு கெடையாது. நீமோவுக்கு அடுத்த மாசம் வா.”

விற்கமாட்டேன் என்று சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். டோரி எனப்படும் நீல டாங் ஒரு அடி நீளம் வளரும், நாளெல்லாம் நீந்தும். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறைகூட இல்லை, பெட்டி. அதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்வதில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் வென்றதே 2016இல்தான். கடைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நடந்தது. அப்படிப் பிடித்த மீன் கடையில் பளபளவென்று நீந்தும், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் காரணமே தெரியாமல் சாகும்.

கோமாளி மீன் கதை வேறு. 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்துக்குப் பிறகு உலகமே அதைக் கேட்டது; நல்லவேளையாக, தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க அது சம்மதித்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இந்த மீனை வளர்ப்பில் பெருக்கும் முறையைச் செய்து காட்டியிருக்கின்றன. பாறையில் ஆரஞ்சுப் புள்ளிகளாக ஒட்டிய முட்டைகளுக்கு ஆண் மீன் ஒரு வாரம் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். நாளாக ஆக முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரியும். விளக்கணைந்த பிறகு பொரியும். கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண், மிச்சமெல்லாம் பருவமடையாதவை. பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும். (படத்தில் அம்மாவை இழந்த நீமோவின் அப்பா, உயிரியல்படி அம்மாவாகியிருக்க வேண்டும்.) இந்த மீன் கடலில் குடியிருக்கும் கடல் சாமந்தி, தொட்டியில் கட்டாயமில்லை. புதுத் தொட்டியில் சாமந்தி விட்டால் அது நகர்ந்துபோய் மோட்டாரில் சிக்கிச் சிதைந்து, நீரையே கெடுத்துவிடும். ஒரு வருடம் போகட்டும்.

கோமாளி மீன் ஜோடிக்குத் துணையாக ஒரு கோபி மீனும் அதன் கூட்டாளியான துப்பாக்கி இறாலும் விடலாம். கண் மங்கிய இறால் மணலில் வளை தோண்டும். மீன் வாசலில் காவல் இருக்கும். இறாலின் ஒரு மீசை எப்போதும் மீனின் உடம்பில் தொட்டபடி இருக்கும். மீன் வாலை ஆட்டினால் இறால் உள்ளே. டிவியை அணைத்துவிட்டு இதைப் பார்க்கலாம்.

பாறை கட்டும் கல்பவளங்கள் வேண்டாம் என்று சட்டம் சொல்வதால் நமக்கு ஒரு வேலையும் மிச்சம். வெளிநாடுகளில் கல்பவளம் வளர்ப்பவர்கள், அவை எலும்பு கட்டக் கட்ட நீரில் குறையும் கால்சியத்தை ஈடுகட்டச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். நம் தென்கரையில் நடந்தது இதற்கு நேர்மாறு: மன்னார் வளைகுடாப் பவளங்களை வருடக்கணக்கில் வெட்டியெடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அந்த வளைகுடாவில் இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

காளான் பவளம், ஸோவாந்திட் போன்ற மென்னுயிரிகள் கல்பவள வரிசையில் சேராதவை. வாரம் பத்து சதவீத நீர் மாற்றமே அவற்றுக்குப் போதும். விற்பவர் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கையில் தாள் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். கடல்விசிறியும் கடல்குதிரையும் கடல் அட்டையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. முதல் அட்டவணை உயிர்களை வைத்திருந்து பிடிபட்டால் மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை சிறை.

ஸோவாந்திட் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுள் சில வகைகளில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் இருக்கும். இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று அது. பாறையில் பரவியதை ஒழிக்கிறேன் என்று வெந்நீர் ஊற்றிக் கழுவி, அந்த ஆவியை மூச்சிழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. தொட்டிப் பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்கக் கூடாது. கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் விடவும் கூடாது.

கரையைக் காலி செய்த மோகம்

ஆனா தின்னுக்குச் சில வருடம் கழித்து, 1853இல் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் இல்லம் திறந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் பிலிப் ஹென்றி காஸ். மறுவருடம் அவர் எழுதிய புத்தகம் இங்கிலாந்தையே பைத்தியம் பிடிக்க வைத்தது. வாளியும் உளியுமாக ஜனங்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குட்டைகளில் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்தார்கள். காஸின் மகன் எட்மண்ட் 1907இல் எழுதிய நினைவுநூலில், அந்தக் கரைகள் பாழாய்ப்போனதை வேதனையோடு பதிவு செய்கிறார். அப்பாவின் புத்தகம் அதற்குக் காரணம் என்பதையும் மறைக்கவில்லை. அதற்கு இரண்டே வருடம் கழித்து, 1909இல், மெட்ராஸ் மெரினாவில், அரசு அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் ஒரு கடல்மீன் காட்சியகம் திறந்தது. பல வருடம் ஊரே வேடிக்கை பார்த்த இடம். இன்று அது இல்லை.

மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றி 1986இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவில் 117 வகைப் பவளங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இவ்வளவு அருகில் அசல் இருக்கும்போது, நகலுக்காக அசலை உடைப்பது அயோக்கியத்தனம். வளர்ப்பில் பிறந்த மீன், வார்த்த பாறை, சட்டத்தில் இல்லாத மென்னுயிரிகள் என்று நின்றுகொண்டால் ரீஃப் தொட்டி ஒரு மேலான பொழுதுபோக்கு. அதற்குமேல் ஆசைப்படுகிறவர்கள் முக்குளித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் எடுக்கும்? தினமும் பத்து நிமிடம்: தீனி, வெப்பமானி, நல்ல நீர், கண்ணாடியில் ஒரு தேய்ப்பு. வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம்: நீர் மாற்றம், டெஸ்ட் கிட். ஸ்கிம்மர் கோப்பை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை. அளந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவசரப்பட்டு நடக்கும் நல்லது எதுவும் இந்தத் தொட்டியில் இல்லை. கெட்டதெல்லாம் ஒரே ராத்திரியில் நடக்கும். எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

வேலை மாறுதல், வீடு மாறுதல், அலுப்பு எது வந்தாலும் தொட்டியைக் கலைக்கும் நாள் ஒன்று வரலாம். அன்றைக்கு மீன்களைக் கவரில் போட்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்க மீன் 1985இல் ஃபுளோரிடா கரையில் தென்பட்டது. யாரோ தொட்டியிலிருந்து கடலில் விட்டதுதான் தொடக்கம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுக்க அது உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. 1984இல் மொனாகோ கடலியல் அருங்காட்சியகத்தின் காலடியில் சிறு திட்டாகத் தெரிந்த ஒரு தொட்டிப் பாசி, மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரவியது. மீனையும் பாறையையும் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். மணலையும் பாசியையும் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். தொட்டி நீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகட்டும், கடலுக்கு வேண்டாம்.